ஆறாவது சுவிட்ச்

மைதீன் பீவி செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார். மில் ஓடிய காலத்தில் இந்த அறைக்குள் யாரும் செருப்போடு வரக் கூடாது. மில் மூடி முப்பத்தைந்து வருஷம் ஆகிறது. கால் மறக்கவில்லை. நேராக மெஷின் முன்னால் போய் நின்று மேலும் கீழும் பார்த்தார்.

“பொட்டு எங்க?”

சத்யப்ரியாவுக்குப் புரியவில்லை. “எந்தப் பொட்டும்மா?”

“சுவிட்சுக்கு மேல இருக்குமே. பன்னெண்டு பொட்டு.”

“அதுவா? நான்தான் துடைச்சேன்.” கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். “ஒரே அழுக்கு. ஸ்பிரிட் போட்டு மூணு தடவ துடைக்க வேண்டியதாப் போச்சு.”

மைதீன் பீவி தன் அண்ணன் மகன் பக்கம் திரும்பினார். “ஏண்டா முபீன், இந்தப் புள்ளதான் மெஷினக் காப்பாத்துதுன்னு சொன்ன?”

முபீன் சாலிடரிங் கம்பியை ஸ்டாண்டில் வைத்தான். “ஆமா குப்பி. ஏன்?”

“ஒண்ணுமில்ல. இனி இதக் கிளப்ப முடியாது. அதான்.”

அன்று திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து அருங்காட்சியகக் குழு வருகிறது.

திருநகர் தாண்டித் திருமங்கலம் சாலையில் அந்த மில் இருந்தது. நூல் மில். இப்போது அது கல்லூரி. கதிர்கள் சுற்றிய கூடத்தில் பிள்ளைகள் பரீட்சை எழுதுகிறார்கள். ஆபீஸ் கட்டடத்தின் பின்னறையை மட்டும் யாரும் திறக்காமலே விட்டிருந்தார்கள். போன வருஷம் திறந்தபோது இரண்டு பீரோ அகலத்துக்கு இந்தக் கம்ப்யூட்டர் நின்றது. எழுபத்தைந்தில் வாங்கியது. செய்த கம்பெனி இப்போது இல்லை. இதே போல் இன்னொன்று எங்கும் மிச்சமிருப்பதாகத் தெரியவில்லை.

சத்யப்ரியா அந்தக் கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் லேப் பார்ப்பவள். கேட்டு வாங்கி இந்த வேலையை எடுத்துக்கொண்டாள். கீழமாசி வீதியில் ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர் பார்க்கும் முபீனைத் துணைக்கு அழைத்தாள். எட்டு மாதம் ஆயிற்று. முபீன் பவர் சப்ளையைப் பிரித்து, உப்பிப்போன கெப்பாசிட்டர்களை மாற்றினான். கம்ப்யூட்டரோடு இணைந்த டைப் அடிக்கும் மெஷினின் காய்ந்த ரிப்பனுக்கு ரப்பர் ஸ்டாம்ப் மை ஊற்றினான். போன வாரம் மின்சாரம் கொடுத்தபோது விளக்குகள் எரிந்தன. அந்தச் சந்தோஷத்தில்தான் குப்பியைக் கூட்டி வந்தான். மில்லில் இந்த மெஷினை ஓட்டியவர் அவர்தான்.

குழுவின் நிபந்தனை எளிமையானது. மெஷின் ஓடினால் முழுதாக இதே அறையில் இருக்கும். ஓடாவிட்டால் முன்பலகை மட்டும் சென்னைக்குப் போய்க் கண்ணாடிக்குள் உட்காரும். மற்றதைப் பிரித்துவிடுவார்கள். கல்லூரிக்கு அறை வேண்டும். ஓடும் என்று சத்யப்ரியா எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள்.

“உக்காருங்கம்மா,” என்றாள். “பொட்டுக்கும் மெஷினுக்கும் என்ன?”

மைதீன் பீவி உட்கார்ந்து சொன்னார்.

காலையில் மெஷினைக் கிளப்ப ஒரு முறை உண்டு. பன்னிரண்டு சுவிட்சில் சிலதை மேலே தள்ள வேண்டும், சிலதைக் கீழே. பிறகு லோடு பித்தான். பிறகு ரன் பித்தான். எதை மேலே, எதைக் கீழே என்பதுதான் சங்கதி. அவர் ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பலகையில் ஒட்டினார். கம்பெனி இன்ஜினியர் வந்து கிழித்துப் போட்டார். மெஷின் மேல் பென்சில் கோடுகூடப் படக் கூடாது என்றார். மறுபடி ஒட்டினார். மறுபடி கிழித்தார். மேனேஜருக்குப் புகார் போயிற்று.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. அறை கூட்டும் சோணையம்மாள் சந்தனக் கிண்ணமும் குங்குமமுமாக வந்து நின்றாள்.

“நான் சொன்னேன். யக்கா, எல்லாத்துக்கும் ஒண்ணு போல வைக்காத. நான் காட்டுறதுக்குக் குங்குமம் வையி, மத்ததுக்குச் சந்தனம் வையின்னேன். குங்குமம்னா மேல. சந்தனம்னா கீழ. அம்புட்டுத்தான்.”

“இன்ஜினியரு?” என்றான் முபீன்.

“வந்தாரு. என்னது இதுன்னு குதிச்சாரு. மேனேஜர் சொன்னாரு, பூசை போட்டது சார், துடைக்கக் கூடாதுன்னு. அடங்கிட்டாரு. பதினாலு வருசம். ஒரு ஆளு கை வைக்கலியே.” சத்யப்ரியாவைப் பார்த்தார். “நீ எம்புட்டு நேரத்துல துடைச்ச?”

“அஞ்சு நிமிஷம்.”

முபீன் சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

சத்யப்ரியா ஒரு விதி வைத்திருந்தாள். எதையும் தொடுமுன் படம் எடுக்க வேண்டும். ஒவ்வொரு திருகாணியையும் எடுத்திருந்தாள். உள்ளே செத்துக் கிடந்த பல்லியைக்கூட எடுத்திருந்தாள். மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு படங்கள். முன்பலகையைத் துடைத்த பிறகுதான் எடுத்தாள். பளிச்சென்று இருக்கட்டுமே என்று. வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் அவள் வீட்டில் டிராக்டருக்கும் பொட்டு உண்டு, மோட்டார் பம்புக்கும் உண்டு, மண்வெட்டிக்கும் உண்டு. பார்த்துப் பார்த்து அது கண்ணில் படுவதே நின்றுபோயிருந்தது. வெளிநாட்டுக்காரன் யாராவது வந்திருந்தால் முதலில் அதைத்தான் படம் எடுத்திருப்பான்.

“சரி, உங்களுக்கு ஞாபகம் இருக்கும்ல?” என்றாள். “எது எதுக்குக் குங்குமம்?”

“எனக்கு எதுக்கு ஞாபகம்? பொட்டப் பாத்துத்தானே போட்டேன். ஞாபகம் வச்சுக்க வேணாம்னுதானே பொட்டே வச்சது.”

சோணையம்மாள் இப்போது திருப்பூரில் மகனோடு இருந்தாள். முபீன் எண்ணைத் தேடிப் பிடித்துப் போனில் கேட்டான். ஸ்பீக்கரில் அவள் குரல் கணீரென்று வந்தது. “எனக்கு என்னய்யா தெரியும்? மொத வருசம் மைதீனு காட்டுச்சு. அடுத்த வருசத்துல இருந்து பழைய பொட்டு மேலயே புதுப் பொட்டு வச்சேன். ஏன், பொட்டு எங்க போச்சு?”

முபீன் சத்யப்ரியாவைப் பார்த்தான். “அழிஞ்சு போச்சும்மா,” என்று சொல்லிப் போனை வைத்தான்.

“ஒவ்வொண்ணா போட்டுப் பாத்தா என்ன?” என்றான் அவளிடம்.

“நாலாயிரத்துத் தொண்ணூத்தாறு விதமாப் போடலாம்.”

“நாலு நாள் இருக்கே.”

“அதில்லண்ணே.” அவள் நினைவுப் பெட்டியின் மூடியைத் திறந்து காட்டினாள். கடுகைவிடச் சிறிய வளையங்கள், முடியைவிட மெல்லிய கம்பிகளில் கோத்தவை. நாற்பத்தொன்பதாயிரம் வளையங்கள். இந்த நினைவுக்கு மின்சாரம் வேண்டாம். மில் மூடிய அன்று கடைசியாக ஓடிய புரோகிராம் இன்னும் அதற்குள் இருந்தது. “எங்க ஆரம்பிக்கணும்னு சுவிட்சுதான் சொல்லுது. தப்பான எடத்துல ஆரம்பிச்சா தன் மேலயே எழுதிக்கும். அப்புறம் உள்ள ஒண்ணும் இருக்காது. வேற பிரதியும் இல்ல.”

“உள்ள இருக்கறத முதல்ல படிச்சு எழுதி வச்சுக்கிட்டா?”

“படிக்கிற பித்தான் வேலை செய்யல. அதுக்கான ஐ.சி. எங்கயும் கிடைக்கல. தேடிப் பாத்துட்டேன்.”

மைதீன் பீவி பைக்குள் கையை விட்டு எதையோ துழாவினார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு எழுந்தார்.

“வீட்டுக்கு வாங்க. ஒரு போட்டோ கெடக்கு.”

மில்லில் ஒரு வழக்கம் இருந்தது. ஆயுத பூஜை முடிந்ததும் ஆபீஸ் ஆட்கள் எல்லோரும் மெஷின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். யாருக்குப் பிரதி வேண்டுமோ அவர்கள் போட்டோக்காரரிடம் சொல்லி வாங்கிக்கொள்ளலாம். மைதீன் பீவி ஒரே ஒரு வருஷம் வாங்கினார். எழுபத்தொன்பது. கறுப்பு வெள்ளை. முபீன் தன் வேலைக்கு வைத்திருக்கும் லென்ஸை அதன் மேல் பிடித்தான்.

சுவிட்சுகள் தெரிந்தன. குங்குமம் கறுப்பாக விழுந்திருந்தது, சந்தனம் வெள்ளையாக. சத்யப்ரியா இடமிருந்து எண்ணி எழுதினாள். கறுப்பு, வெள்ளை, வெள்ளை, கறுப்பு, கறுப்பு. ஆறாவதில் ஒரு ஆள் நின்றார். நெடிய ஆள். கோட்டு போட்டிருந்தார். அவருக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் தோளோடு தோள் ஒட்டி நின்று மிச்சத்தை மறைத்திருந்தார்கள்.

“யாரும்மா இவரு?”

“உக்கிரபாண்டி சார். ஆபீஸ் சூப்பிரண்டு. நடுவுலதான் நிப்பாரு.”

புதன்கிழமை வாடிப்பட்டிக்குப் போனார்கள். ஃபிட்டர் முத்திருளன் வீட்டில் ஒரு படம் இருக்கும் என்று மைதீன் பீவி சொன்னார். முத்திருளன் இறந்து ஆறு வருஷம். மனைவி அன்னக்கொடி கதவைத் திறந்து, யார் என்று பார்த்து, “வாடி” என்றார்.

படம் சுவரில் இருந்தது. எண்பத்துமூன்றாம் வருஷத்துப் படம். முத்திருளனுக்குத் தனியாக ஒரு நல்ல போட்டோ இல்லாததால் மில் குரூப் போட்டோவுக்கே பொட்டு வைத்து மல்லிகைச் சரம் போட்டிருந்தார்கள். பதினெட்டுப் பேர் நின்றார்கள். பதினெட்டுப் பேருக்கும் சேர்த்துத்தான் மாலை.

மைதீன் பீவி கிட்டே போய்ப் பார்த்தார். “ஏடி, ஓரத்துல நிக்கிறது நான்தானே? எனக்கும் சேத்தா ஆறு வருசமா மாலை போட்டுக்கிட்டு இருக்க?”

“உனக்குன்னா போட்டேன்? அவருக்குப் போட்டது உன் மேல கெடக்கு.”

“ஊதுபத்தி வேற காட்டுற.”

“சும்மா இருடி. நல்லாத்தானே இருக்க? இன்னும் கூடக் காட்டுறேன்.”

மாலையை விலக்க அன்னக்கொடி சம்மதித்தார். படத்தைக் கீழே இறக்க மட்டும் விடவில்லை. சத்யப்ரியா நாற்காலி மேல் ஏறி நின்று லென்ஸைப் பிடித்தாள். இந்தப் படத்தில் வலது பக்கம் திறந்திருந்தது. ஏழிலிருந்து பன்னிரண்டு வரை துல்லியமாகத் தெரிந்தன. இடது பக்கத்தை ஒரு வாழைக்கன்று மறைத்தது.

ஆறாவது சுவிட்சின் முன்னால் உக்கிரபாண்டி நின்றார். அதே கோட்டு.

“இந்த ஆளு நகரவே மாட்டாரா?” என்றான் முபீன்.

அன்னக்கொடி காப்பி கொண்டுவந்தார். குடித்துவிட்டு வெளியே வந்தபோது முபீன் சொன்னான், “ஒண்ணுதானே பாக்கி சத்யா. மேல இல்லன்னா கீழ. ஒரு காசு சுண்டிப் போட்டா முடிஞ்சது.”

“பாதிக்குப் பாதி அழிஞ்சிரும்ண்ணே.”

“நீதான் துடைச்ச. அதனால ஓன் கையில ராசி இருக்காது. நான் சுண்டுறேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. எட்டு மாதத்தில் அவன் ஒரு நாள்கூட அவளைக் குற்றம் சொன்னதில்லை. இப்போதும் கேலியாகத்தான் சொன்னான். ஆனாலும் அன்று ராத்திரி அவள் கணக்கில்லாமல் புரண்டு படுத்தாள்.

உக்கிரபாண்டி டி. கல்லுப்பட்டியில் இருந்தார். வியாழக்கிழமை காலை மூவரும் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தார்கள். எண்பத்திரண்டு வயது. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் பேனா. முதுகு வளையவில்லை.

“யாரு, மைதீனா? அங்கேயே ஏன் நிக்கிற? நீ அன்னைக்கே ஓரமா நிக்கிற ஆளுதான்.”

“நடுவுல நீங்க நின்னா எங்களுக்கு ஓரம்தானே சார் கெடைக்கும்.”

அவருக்கு அது பிடித்திருந்தது. உள்ளே அழைத்துக்கொண்டு போனார். கூடத்துச் சுவர் முழுக்க மில் படங்கள், வருஷ வாரியாக, கண்ணாடிச் சட்டத்தில். ஒவ்வொன்றின் நடுவிலும் அவர். கோட்டு மாறவில்லை. முடிதான் படத்துக்குப் படம் குறைந்துகொண்டே போயிற்று.

சத்யப்ரியா ஒவ்வொன்றாக லென்ஸ் வைத்துப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் ஆறாவது சுவிட்சைக் கோட்டு மறைத்தது. கடைசிச் சட்டத்தையும் பார்த்துவிட்டு லென்ஸை இறக்கினாள்.

“சார், நீங்க ஒரு வருஷமாவது லீவு போட்டதில்லையா?”

“ஆயுத பூசைக்கா? நானா?” கேள்வியே அவருக்குப் பிடிக்கவில்லை.

முபீன் சுவரை எண்ணிக்கொண்டிருந்தான். “குப்பி, எத்தன வருசம் பூசை போட்டீங்க?”

“பதினாலு.”

“இங்க பதிமூணுதான் இருக்கு. எண்பத்துநாலக் காணோம்.”

உக்கிரபாண்டி ஜன்னல் பக்கம் பார்த்தார். “அந்த வருசம் போட்டோக்காரன் பொண்டாட்டிக்குப் பிரசவம். கேமராவ மட்டும் குடுத்துவிட்டான். யாருக்கும் அதப் பிடிக்கத் தெரியல. நான்தான் எடுத்தேன்.”

“அந்தப் போட்டோ எங்க சார்?”

“நான் இல்லாத போட்டோவ எதுக்கு மாட்டணும்?”

“மாட்ட வேணாம் சார். இருக்கா?”

அவர் யோசித்தார். வெகுநேரம் யோசித்தார். பிறகு எண்பத்தைந்தாம் வருஷத்துச் சட்டத்தைக் காட்டினார். “இதுல கண்ணாடி லொடலொடன்னு ஆடுச்சு. பின்னால எதையோ மடிச்சு வச்சேன். என்ன வச்சேன்னு தெரியல.”

முபீன் சட்டத்தைக் கழற்றி, ஆணிகளைக் குறடால் நிமிர்த்தி, அட்டையை எடுத்தான். அட்டைக்கும் படத்துக்கும் நடுவில் இன்னொரு படம், முகம் உள்ளே பார்க்க, நாலாக மடித்து இருந்தது. விரித்தான். மடிப்பில் வெள்ளைக் கோடு ஓடியது. படம் கொஞ்சம் சாய்வாகப் பிடித்திருந்தது. ஓரத்தில் இருந்த மைதீன் பீவி பாதிதான் விழுந்திருந்தார்.

பதினேழு பேர் நின்றார்கள். இடது பக்கம் எட்டுப் பேர், வலது பக்கம் ஒன்பது பேர். நடுவில் ஒரு ஆள் நிற்கும் அளவு இடம் காலியாக இருந்தது. அந்த இடைவெளியில் மூன்று சுவிட்சுகள். ஐந்தாவது கறுப்பு. ஏழாவது வெள்ளை. இரண்டும் மற்றப் படங்களோடு ஒத்துப்போயின.

ஆறாவது வெள்ளை.

“சந்தனம்,” என்றாள் சத்யப்ரியா. “கீழ.”

உக்கிரபாண்டி படத்தை வாங்கிக் கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்த்தார். நாற்பது வருஷத்தில் அவர் இதைப் பார்த்தது அதிகம் போனால் இரண்டு தடவை இருக்கும்.

“எனக்கு எடம் விட்டுல்ல நின்னுருக்கீக,” என்றார்.

“விடலேன்னா நீங்க வந்து ஏசுவீங்கள்ல சார்,” என்றார் மைதீன் பீவி.

அவர் பேனாவை எடுத்துச் சட்டைப் பையிலேயே திரும்பச் செருகினார். கிளம்பும்போது, வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை காலை மைதீன் பீவி ஒரு பொட்டலத்தோடு வந்தார். அம்மன் சன்னதித் தெருவில் வாங்கிய குங்குமம், சந்தனம். “பொட்டு இல்லாம எனக்குக் கை ஓடாது,” என்றார்.

சத்யப்ரியா தயங்கினாள். பழைய பொருளின் மேல் புதிதாக எதையும் வைக்கக் கூடாது என்பது அவள் படித்த பாடம். பிறகு காமிராவை எடுத்தாள். வைப்பதற்கு முன் ஒரு படம். சந்தனத்தைக் குழைத்தாள். தாளைப் பார்த்து, மைதீன் பீவி விரல் நீட்டிய இடங்களில் ஒவ்வொன்றாக வைத்தாள். வைத்த பின் ஒரு படம்.

பத்தரைக்குக் குழு வந்தது. மூன்று பேர். தலைவர் கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத மனிதர். அவர் பின்னாலேயே டி. கல்லுப்பட்டி பஸ்ஸில் வந்த உக்கிரபாண்டியும் நுழைந்தார். கோட்டு போட்டிருந்தார்.

முபீன் மின்சாரம் கொடுத்தான். காற்றாடிகள் முனகின. மைதீன் பீவி பலகை முன்னால் நின்று, பொட்டைப் பார்த்துப் பார்த்துச் சுவிட்சுகளைத் தள்ளினார். ஆறாவதற்கு வந்ததும் ஒரு நிமிஷம் நின்றார். கீழே தள்ளினார். லோடு. சத்யப்ரியா முபீனின் கையைப் பிடித்துக்கொண்டாள். அது தெரியாமலே பிடித்தாள்.

ரன்.

விளக்குகள் ஒரு தடவை எல்லாம் அணைந்தன. பிறகு ஓடத் தொடங்கின. மூலையில் டைப் மெஷின் உடம்பைக் குலுக்கியது. ரப்பர் ஸ்டாம்ப் மையில், ஊதா நிறத்தில், ஒரு வார்த்தை அடித்துக் கேள்விக்குறி போட்டு நின்றது.

தலைவர் குனிந்து படித்தார். “ஹ்யூமிடிட்டி? என்ன கேக்குது?”

“காத்துல ஈரம் எம்புட்டுன்னு கேக்குது,” என்றார் மைதீன் பீவி. “காத்து காஞ்சு கெடந்தா நூல் அறும். தினம் காலையில மொதல்ல அதத்தான் கேக்கும்.” ஈரம் பார்க்கும் கருவி இருந்த சுவரைத் திரும்பிப் பார்த்தார். ஆணி மட்டும் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினார், இழுத்துக்கொண்டார். டைப் மெஷினுக்குப் போய் உட்கார்ந்து அறுபத்தெட்டு என்று அடித்தார்.

மெஷின் ஏற்றுக்கொண்டது. அடுத்த கேள்வி கேட்டது.

“அளந்தா பாத்தீங்க?” என்றார் தலைவர்.

“புரட்டாசியில இந்த ரூமுல அறுபத்தெட்டுத்தான் சார்.”

குழுவில் ஒருவர் போனில் எதையோ பார்த்துவிட்டு, “அறுபத்தாறு” என்றார்.

“அது ஊருக்கு. நான் ரூமுக்குச் சொல்றேன்.”

தலைவர் முதல் தடவையாகச் சிரித்தார். கோப்பில் ஒரு வரி எழுதினார். சத்யப்ரியாவால் தலைகீழாகவே அதைப் படிக்க முடிந்தது. முழுதாக இங்கேயே இருக்கட்டும் என்று எழுதியிருந்தார். முபீன் தன் கையைத் தடவிக்கொண்டான். ஐந்து விரலும் பதிந்திருந்தன.

தலைவர் பலகையைப் பார்த்தார். “இந்தப் பொட்டு மட்டும் வேண்டாமே. துடைச்சிரலாம்.”

“பூசை போட்டது சார்,” என்றாள் சத்யப்ரியா. “துடைக்கக் கூடாது.”

மைதீன் பீவி இருமினார். தலைவர் கையை மடக்கிக்கொண்டு, “ஓ, சரி சரி” என்றார். அவள் பிறகு எல்லாவற்றையும் அவருக்கு எழுத்தில் விளக்கினாள், துடைத்தது யார் என்பது உட்பட.

கிளம்புமுன் எல்லோரும் மெஷின் முன்னால் நின்றார்கள். சத்யப்ரியா காமிராவைப் பிடித்தாள். அறுநூற்றுப் பதினைந்தாவது படம். உக்கிரபாண்டி நேராகப் போய் நடுவில் நின்றார். மற்றவர்கள் சொல்லாமலே இரண்டு பக்கமும் விலகினார்கள்.

“சார்,” என்றாள், “கொஞ்சம் நகந்துக்கறீங்களா?”

மைதீன் பீவி வாயைப் பொத்திக்கொண்டார். உக்கிரபாண்டி கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். பின்னால் திரும்பிச் சுவிட்சைப் பார்த்தார்.

அரை அடி நகர்ந்தார்.